தூக்கம்

போடிமெட்டு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்
மூன்றாவது கடை பைலியுடையது.
ஷட்டர் பாதிக்கு மேல் ஏறாது.
குனிந்துதான் போக வேண்டும்;
வண்டியையும் சாய்த்துதான் கொண்டுபோனேன்.

"பவர் வேணும்" என்றேன்.
நரிப்பாறை லயத்துக்கு ஏறும் கடைசி முந்நூறு மீட்டரில்
நாலு தடவை விழுந்திருக்கிறேன்,
ஒரு தடவை ஓடைக்குள்.
தடுப்பூசிப் பெட்டி மட்டும் ஒவ்வொரு முறையும்
மூடி மேலே இருக்கும்படி விழுந்தது, பூனை மாதிரி.

பைலி எஞ்சினைத் தொடவேயில்லை.
ஏறி உட்காரச் சொன்னார். இறங்கச் சொன்னார்.
மறுபடி உட்காரச் சொன்னார்.
பின் அச்சிலிருந்து மட்கார்டு வரை
தையல்கடை டேப்பால் அளந்து
சுவரில் சாக்பீஸால் எழுதினார்.
பிறகு கேட்டார்:
"சிஸ்டரே, தூக்கம் எத்ர?"

அஞ்சு மணி நேரம், என்றேன்.
முகாம் இருக்கும் வாரத்தில் நாலு.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.
அவர் பாஷையில் அது எடையாம்.
அறுபத்தொன்று, என்றேன்.
"பெட்டி?"
ஐஸ் கட்டிகளோடு அஞ்சரை கிலோ.
அப்புறம் மழைக்கோட்டு, பதிவேடு, மதியச் சோறு.
"பொய் சொன்னா ஸ்பிரிங்குக்குத் தெரியும்."
அறுபத்தாறு, என்றேன்.

ஆள் ஏறினால் வண்டி கொஞ்சம் அமிழ வேண்டுமாம்.
அமிழாதது கல்லுக்குக் கல் எகிறும்,
அதிகம் அமிழ்ந்தது திருப்பத்தில் படுத்துக்கொள்ளும்.
ஸ்பிரிங்கின் வளையத்தை ஒன்றரைச் சுற்று முறுக்கினார்.
முன் ஃபோர்க்கிலிருந்து
கஷாயம்போல் ஒரு டம்ளர் வடிந்தது;
கெட்டியான ஆயில் புதிதாக இறங்கியது.
முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைந்தது.
"இனி முந்தல் ரோட்டில பஸ்காரன் உன்னை முந்துவான்,
ரோஷப்படாதே."
பட்டன் டயர் போட்டு, அதில் காற்றையும் குறைத்தார்.
குறைத்ததற்கெல்லாம்
கூட்டியதைவிடக் காசு அதிகம்.

ஹேண்டில்பாரை இரண்டு விரல் உயர்த்தினார்.
பிரேக் பிடியைக் கீழே சாய்த்தார்.
நின்றுகொண்டு ஓட்டத்தான் அது.
சுடிதாரில் நின்றால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தேன்.
அந்த ஏற்றத்தில் ஊர் எங்கே இருக்கிறது?

எஞ்சினுக்கு அடியில் கல் அடிக்காமலிருக்க
இடிந்த ஏலக்காய் ஸ்டோரின் தகரத்தை
மடித்து அறைந்து மாட்டினார்.

புதன்கிழமை.
பாறையில் ஈரம், மஞ்சள் மண், வேர்.
முன் சக்கரம் தானே வழி தேடிப் போனது,
முழங்கால் கேட்க வேண்டியதையெல்லாம்
ஃபோர்க் கேட்டுக்கொண்டது.
ஓடைக்கு மேலே அந்தத் திருப்பத்தில் நின்றுபோனேன்.
வண்டி நிற்கவில்லை, நான்தான்.
கை தானாக ஆக்ஸிலேட்டரை மூடியது.
நாலு விழுகை வண்டிக்கு ஞாபகமில்லை.
அதை முறுக்க பைலியிடம் வளையம் இல்லை.

பின்னால் உருட்டி இறக்கி,
இரண்டாவது கியரில், இடுப்பைப் பின்தள்ளி,
எதையோ திட்டிக்கொண்டே ஏறினேன்.
தகரம் சூடாகி
காலுக்கடியிலிருந்து ஏலக்காய் மணந்தது,
யாரோ எஞ்சினுக்குள் டீ போடுவதுபோல.

லயத்தில் பிள்ளைகள்
வண்டியைப் பார்க்க ஓடி வந்து
பெட்டியைப் பார்த்ததும் சிதறி ஓடினார்கள்.
பேச்சித்தாயின் கைக்குழந்தையைத்
தொங்கு தராசின் துணியில் கிடத்தினேன்.
துணி கொஞ்சம் அமிழ்ந்தது.
முள் ஆடிக்கொண்டிருக்கையில்
எனக்குள் நானே கேட்டுக்கொண்டேன்,
வாய்விட்டுத்தான் போலிருக்கிறது:
தூக்கம் எவ்வளவு?

"எங்கக்கா," என்றாள் பேச்சித்தாய்,
"ராவெல்லாம் கொட்டக்கொட்ட முழிச்சிக்கிட்டிருக்கா."

நாலு கிலோ இருநூறு
என்று எழுதினேன்.